35 பேர் மேல் நிற்கும் மருத்துவம்: நுரையீரல் ரத்தக்கட்டியின் கதை

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு டிபெண்டன்சின்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்கு ஒரே வரியில சொல்றேன்: நான் எழுதுற புரோகிராம் இன்னொருத்தர் எழுதின புரோகிராம் மேல நிக்கும், அது வேற யாரோ எழுதினது மேல நிக்கும். தோண்டிக்கிட்டே போனா, எல்லாத்துக்கும் அடியில எப்பவோ ஒருத்தர் எழுதின நூறு வரி கோடு இருக்கும். அதைத் தொட யாருக்கும் தைரியம் இருக்காது.

மருத்துவத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கு. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தால் இன்றைக்கு உலகம் முழுக்க ஒரே சிகிச்சைதான் முதலில் தொடங்குகிறது: ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. புது மருந்தை எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று பார்த்தால், அதற்கு முந்தைய மருந்து. அந்த மருந்தை? அதற்கும் முந்தையது. இப்படியே கீழே போனால் அடியில் கிடைப்பது 1960ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்திலிருந்து வந்த ஒரு ஆய்வு. அதில் இருந்த நோயாளிகள் மொத்தம் 35 பேர்.

இந்த எபிசோட் அந்த 35 பேரைப் பற்றியது. அவங்களுக்கு முன்னாடி நூறு வருஷம் என்ன நடந்தது, அவங்களுக்குப் பிறகு ஏன் யாராலும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியவில்லை, அந்த எண்ணை இன்றைக்கு நாம எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதெல்லாம் பார்க்கப் போறோம். முன்கூட்டியே ஒண்ணு: நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவன். இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்குன்னா, பாட்காஸ்ட்டை ஆஃப் பண்ணிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் கட்டி உருவாகிற இடம் நுரையீரல் இல்லை, கால். தொடையிலோ கெண்டைக்காலிலோ ஆழத்தில் ஓடும் சிரை ரத்தம் மெதுவாகத்தான் நகரும். படுத்த படுக்கையாக இருந்தால், ஆபரேஷன் முடிந்து அசையாமல் கிடந்தால், இன்னும் மெதுவாகும். அங்கே உறையும் ரத்தம் ஒருநாள் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பும். வழியில் தடையே இல்லை, ஏனென்றால் சிரைகள் போகப் போக அகலமாகும். வயிற்றுக்குள் ஓடும் பெரிய சிரை வழியாக இதயத்தின் வலது பக்கத்துக்குள் நுழையும். இதயம் அதை நுரையீரலுக்குத் தள்ளும். நுரையீரலில் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து குறுகிக்கொண்டே போகும். அங்கேதான் மாட்டும்.

மூச்சு முட்டுவதை விட ஆபத்தானது இதயத்துக்கு ஏற்படும் நெருக்கடி. வலது கீழறை மெல்லிய சுவர் கொண்டது, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்து பழகியது. எதிரே குழாய் திடீரென அடைபட்டால் அதனால் தள்ள முடியாது. பலூன் மாதிரி விரியும், களைத்துப் போகும். அது நின்றால் இடது பக்கத்துக்கு ரத்தமே வராது. பெரிய கட்டியாக இருந்தால் இதெல்லாம் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

காலுக்கும் நுரையீரலுக்கும் இருக்கிற இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தவர் பெர்லினில் இருந்த ருடால்ஃப் விர்ஷோ. 1846ல் அதை வெளியிட்டபோது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்ப்பதுதான் அவர் வேலை. நுரையீரலில் இருந்த கட்டியையும் காலில் இருந்த கட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அங்கிருந்து வந்தது என்றார். அந்தக் காலத்தில் பெரிய ஆட்கள் நம்பியது வேறு: ரத்தக்குழாய் அந்த இடத்திலேயே அழற்சியடைந்து உறைகிறது என்று. விர்ஷோ நாய்களின் கழுத்துச் சிரையில் சின்ன ரப்பர் துண்டுகளைப் போட்டார். அவை நுரையீரலில் போய் நின்றன. எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும். பைப்லைன்ல ஒரு முனையில டெஸ்ட் டேட்டாவைப் போட்டு, அது எந்த முனையில வெளியே வருதுன்னு பார்க்கிற அதே வேலை.

நடுவுல ஒரு சின்னக் கிளைக்கதை. நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்து வேலை செய்யுற நம்ம ஆட்களுக்காக. 1940ல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாகக் குண்டு போட்டபோது மக்கள் பதுங்கிடங்களில் தூங்கினார்கள். படுக்க இடமில்லை, மடக்கு நாற்காலிதான். அதன் முன்பக்கச் சட்டம் தொடைக்கு அடியில் இரவு முழுக்க அழுத்தும். கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர், நுரையீரல் கட்டியால் வந்த சாவுகள் முந்தைய ஆண்டை விட ஆறு மடங்கு ஆகியிருப்பதாக அந்த டிசம்பரில் லான்செட் இதழில் எழுதினார். நாற்காலிக்குப் பதில் படுக்கைப் பலகைகள் போட வேண்டும் என்பது அவர் சொன்ன தீர்வு. குண்டுக்குத் தப்பி ஓடினவங்க நாற்காலியால செத்திருக்காங்க.

சரி, சிகிச்சைக்கு வருவோம். காரணம் தெரிந்ததும் அறுவை மருத்துவர்களுக்கு வந்த முதல் யோசனை நேரடியானது: நெஞ்சைத் திற, குழாயைக் கீறு, கட்டியை எடு. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பிரீட்ரிக் டிரெண்டலென்பர்க் அதைக் கன்றுக்குட்டிகளில் பழகிப் பார்த்துவிட்டு, 1908ல் மனிதர்களில் செய்ததைப் பற்றி எழுதினார். ஆபரேஷன் தியேட்டரில் தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்க வைப்பதற்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். ஆனால் இந்த ஆபரேஷனில் அவருடைய நோயாளி ஒருவர்கூடப் பிழைத்து வீடு திரும்பவில்லை.

அவருடைய மாணவர் மார்ட்டின் கிர்ஷ்னர், கோனிக்ஸ்பெர்க் நகரத்தில், 1924 மார்ச்சில் ஒரு பெண்ணை இந்த ஆபரேஷனால் காப்பாற்றினார். அப்போது டிரெண்டலென்பர்க்குக்கு 80 வயது ஆகப் போகிறது. 16 வருடம் கழித்து அவருடைய ஆபரேஷன் ஒருமுறை ஜெயித்தது. அதே வருட டிசம்பரில் அவர் இறந்துபோனார்.

இந்த ஆபரேஷனின் உண்மையான சிக்கல் எப்போது கத்தியை எடுப்பது என்பதுதான். சீக்கிரம் எடுத்தால், சும்மா விட்டிருந்தாலே பிழைத்திருக்கக்கூடிய ஆளை நாமே கொன்றுவிடலாம், ஆபரேஷன் அவ்வளவு கொடூரமானது. தாமதித்தால் ஆள் இருக்க மாட்டார். யார் தானாகப் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்று சொல்ல எந்த வழியும் இல்லை. அதனால் நோயாளியைத் தியேட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சாகும் தறுவாய் வரும்வரை காத்திருந்தார்கள். இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க. 'ஒண்ணுமே செய்யலைன்னா என்ன ஆகும்?' பிரிஸ்டலில் மறுபடியும் இது வரும்.

அப்படிக் காத்திருந்த ஒரு இரவு மருத்துவ வரலாற்றையே மாற்றியது. 1930களின் தொடக்கம், பாஸ்டன் நகரம், மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் கட்டி. ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டருக்கு இட்ட வேலை, பக்கத்தில் உட்கார்ந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே இருப்பது. 17 மணி நேரம் குறித்தார். காலையில் அவள் சரிந்ததும் தலைமை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சில் ஆறரை நிமிடத்தில் நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்து மூடிவிட்டார். அவள் பிழைக்கவில்லை.

அந்த இரவு முழுக்க, சிரைகளில் தேங்கும் கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் கலந்து, தமனிக்குள் திருப்பிவிட ஒரு இயந்திரம் இருந்தால் போதுமே என்று யோசித்ததாக கிப்பன் பிறகு சொன்னார். அடுத்த 20 வருடத்துக்கு மேல், மனைவி மேரியோடு சேர்ந்து அந்த இயந்திரத்தைக் கட்டினார். ஐபிஎம் கம்பெனியின் பொறியாளர்கள் உதவினார்கள். 1953 மே 6ல் பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணின் இதயத்தில் இருந்த ஓட்டையை அந்த இயந்திரத்தின் துணையோடு மூடினார். இன்றைக்கு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இதய ஆபரேஷனுக்கு நிற்கிற 'ஹார்ட்-லங் மெஷின்' பிறந்தது நுரையீரல் ரத்தக்கட்டிக்காக. ஆனால் கட்டி நோயாளிகளில் மிகச் சிலருக்குத்தான் அது தேவைப்படுகிறது. மற்றவர்களைக் காப்பாற்றியது ஒரு மருந்து.

அந்த மருந்து ஹெபரின். 1916ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவருக்கு, பேராசிரியர் வில்லியம் ஹோவெல் கொடுத்த வேலை ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடுவது. மெக்லீன் நாய்க் கல்லீரலில் இருந்து எடுத்த ஒரு பொருள் அதற்கு நேர் எதிராக வேலை செய்தது. மெக்லீன் பின்னால் சொன்ன கதைப்படி, ஒரு சின்னப் பாத்திரத்தில் பூனை ரத்தத்தோடு அதைக் கலந்து பேராசிரியர் மேசையில் வைத்து, 'இது உறைஞ்சதும் என்னைக் கூப்பிடுங்க' என்றாராம். அது உறையவே இல்லை. 1918ல் ஹோவெல், கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து ஹெபரின் என்று பெயரிட்டார். மெக்லீன் எடுத்ததும் இன்று ஊசியில் இருப்பதும் ஒரே பொருள் இல்லை. அதனால் யார் கண்டுபிடித்தது என்ற சண்டை மெக்லீனின் வாழ்நாள் முழுக்க ஓயவில்லை.

அப்போதைய சரக்கு சுத்தமில்லாதது, மனிதருக்குப் போட்டால் காய்ச்சல், தலைவலி. அதைச் சுத்தப்படுத்தியது டொராண்டோவில் சார்ல்ஸ் பெஸ்ட் குழு. இன்சுலின் கதையில் வருகிற அதே பெஸ்ட்தான். அவர்கள் மாட்டுக் கல்லீரலில் ஆரம்பித்து மாட்டு நுரையீரலுக்கு மாறினார்கள். யோசிச்சுப் பாருங்க, மனிதனின் நுரையீரல் கட்டிக்கான மருந்து மாட்டின் நுரையீரலில் இருந்து வந்திருக்கு. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலில் இருந்து எடுக்கிறார்கள். 1935ல் டொராண்டோவில் கார்டன் மர்ரே மனிதர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அதே காலத்தில் ஸ்வீடனிலும் ஆரம்பித்தார்கள்.

ஹெபரின் ஏற்கெனவே இருக்கும் கட்டியைக் கரைக்காது. நிறைய பேர் இங்கேதான் குழம்புவாங்க. அது புதிதாக உறைவதைத் தடுக்கும், அவ்வளவுதான். கட்டி வளராமல் நிற்கும்போது, உடம்பே தன்னிடம் உள்ள நொதியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். முதல் கட்டியில் தப்பித்தவரைக் கொல்வது பெரும்பாலும் பின்னாலேயே வரும் இரண்டாவது கட்டி. ஹெபரினின் வேலை அந்த இரண்டாவதை நிறுத்துவது.

ஹெபரின் ஊசி. மாத்திரை வேண்டுமே? அது மாட்டுத் தொழுவத்தில் இருந்து வந்தது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், பனிப்புயலில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு, செத்த மாட்டையும், பால் கேனில் உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் ஆய்வகத்தில் இறக்கினார். தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்க லிங்க் குழுவுக்கு ஆறு வருடம் ஆனது. அதன் உறவுக்காரப் பொருளான வார்ஃபரின் 1948ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது, 1954ல் மனித மருந்தாக அனுமதி பெற்றது. அதே குடும்பத்தில் இன்னொன்று நிகூமலோன், இன்னொரு பெயர் அசெனோகூமரால். நம்ம ஊரில் இதய வால்வு மாற்றினவர் வீட்டில் 'அசிட்ரோம்' அட்டை இருந்தால் அது இதுதான். எங்க பெரியப்பா மாசா மாசம் ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்துட்டு வந்து, ஒரே அளவு கீரை சாப்பிடணும்னு பெரியம்மாகிட்ட கணக்குப் போடுறது இந்த மாத்திரைக்காகத்தான். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இதன் வேலையைக் குறைக்கும்.

ஆக, 1950களின் நடுவில் ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. ஆனால் எல்லோரும் கொடுக்கவில்லை. காரணம் நியாயமானது. இவை ரத்தக்கசிவை உண்டாக்கும் மருந்துகள், ஆளைக் கொல்லக்கூடியவை. கொடுத்தால் நல்லது என்று சொன்ன டாக்டர்கள் காட்டிய கணக்கு, 'முன்னாடி இத்தனை பேர் செத்தாங்க, மருந்து வந்த பிறகு இத்தனை பேர்தான்' என்ற வகை. அந்த இடைவெளியில் நர்சிங் மாறியிருக்கலாம், நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பி நடக்க விட்டிருக்கலாம். நம்ம பாஷையில சொன்னா, பத்து விஷயத்தை ஒரே ரிலீஸ்ல மாத்திட்டு, ஆப் வேகமானதுக்குக் காரணம் பட்டன் கலர்னு சொல்ற மாதிரி. குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டு பக்கமாகப் பிரித்து ஒப்பிடும் முறையே அப்போது புதுசு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை பிரிட்டனில் அப்படிச் சோதித்த முடிவு வந்தது 1948ல்தான்.

இப்போ பிரிஸ்டல். பாரிட், ஜோர்டன் என்று இரண்டு டாக்டர்கள். நுரையீரல் கட்டி என்று கண்டறிந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஹெபரின், கூடவே 14 நாள் நிகூமலோன் மாத்திரை. மறுபக்கத்துக்கு இந்த மருந்து எதுவும் கிடையாது. அன்றைக்கு ஸ்கேன் இல்லை. நோயாளியைப் பார்த்து, நெஞ்சைக் கேட்டு, எக்ஸ்ரேயும் இசிஜியும் எடுத்து முடிவு செய்ய வேண்டியதுதான். அதனால் ஆய்வுக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் வெளிப்படையாக, மோசமாக நோயுற்றவர்கள்.

35 பேர் சேர்ந்ததும் கணக்கைப் பார்த்தார்கள். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் கட்டியால் இறந்திருந்தார்கள். இன்னும் 5 பேருக்கு மறுபடியும் கட்டி வந்து பிழைத்திருந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர் இறந்திருந்தார், ஆனால் கட்டியால் இல்லை. மறுபடி கட்டி வந்தவர்கள் யாருமில்லை.

சோதனையை அத்தோடு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த 38 பேருக்கும் குலுக்கல் இல்லாமல் மருந்தே கொடுத்தார்கள்.

35 பேர் என்றதும் எனக்கு முதலில் வந்த சந்தேகம், இது அதிர்ஷ்டமாக இருக்குமோ என்பது. பைத்தான்ல நாலு வரி எழுதிப் பார்த்தேன். மருந்துக்குப் பலனே இல்லை, யார் சாவார் என்பது முன்கூட்டியே முடிவானது என்று வைத்துக்கொண்டால், அந்த 5 சாவும் தற்செயலாக மருந்து பெறாத பக்கமே விழுவதற்கான வாய்ப்பு 100ல் சுமார் 3.6. சாவோடு மறுகட்டிகளையும் சேர்த்து 10 பேரும் ஒரே பக்கம் விழுவதற்கான வாய்ப்பு 2,000ல் 1. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்' என்று நான் சொல்லியிருப்பேன். நம்ம ஏ-பி டெஸ்டில் அப்படித்தான் செய்வோம். ஆனால் அங்கே ஓட்டுவது என்றால், அடுத்த நோயாளியின் பெயர் குலுக்கலில் தப்பான பக்கம் விழுந்தால் நாலில் ஒரு பங்கு சாவு வாய்ப்போடு அவரை மருந்தில்லாமல் படுக்க வைப்பது. இரண்டாவது எண்ணும் கையில் இருக்கும்போது அதைச் செய்ய மனசு வருமா? அவங்க நிறுத்தினது சரின்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் நிறுத்தியதற்கு ஒரு விலை இருந்தது. அந்த முடிவைப் பார்த்த பிறகு, இப்படிப்பட்ட நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை மருந்தில்லாமல் விட்டுப் பெரிய சோதனை நடத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை, வரவும் கூடாது. ஆகவே 'ஒண்ணுமே செய்யலைன்னா என்ன ஆகும்?' என்ற பழைய கேள்விக்குப் பாடப்புத்தகங்களில் இருக்கும் பதிலுக்குப் பெரிய ஆதாரம் 19ல் 5, அதாவது 26 சதவீதம். அதன் பிறகு எல்லாச் சோதனையும் இதற்கு மேல் கட்டியவை.

உதாரணம், 2012ல் வந்த ரிவரோக்சபான் ஆய்வு. 4,832 பேர். ஊசியும் மாதாந்திர டெஸ்ட்டும் இல்லாத புது மாத்திரை. ஒப்பிட்டது எதோடு? எனோக்சபரின் என்ற ஹெபரின் வகை ஊசி, பின் வார்ஃபரின் அல்லது அதே பிரிஸ்டல் மாத்திரையான அசெனோகூமரால். மறுகட்டி வந்தது புதியதில் 2.1 சதவீதம், பழையதில் 1.8 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு புதியதில் 1.1, பழையதில் 2.2. 'பழசை விட மோசமில்லை, கசிவு பாதி' என்று ஏற்றுக்கொண்டார்கள். பழசு நல்லது என்ற ஆதாரத்தைத் தேடிப்போனால் மறுபடியும் 1960தான்.

'அப்போ டாக்டர்கள் கண்ணை மூடிக்கிட்டு நம்புறாங்களா?' என்று கேட்டால், இல்லை. சோதிக்க முடிந்த இடங்களில் எல்லாம் சோதித்தார்கள், முடிவுகள் சில பேருடைய லாஜிக்கை உடைத்தன. எனக்குப் பிடித்தது வடிகட்டிக் கதை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் லாசர் கிரீன்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், எண்ணெய்க் குழாய்க் கருவிகள் செய்யும் கார்மன் கிம்மெல் என்ற பொறியாளரோடு சேர்ந்து, குடைக்கம்பி போன்ற கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றைச் செய்தார். எண்ணெய்க் குழாயில் அழுக்கைப் பிடிக்கும் அதே யோசனை. வயிற்றின் பெரிய சிரையில் வைத்தால் மேலே வரும் கட்டி மாட்டிக்கொள்ளும். எந்த பொறியாளரிடம் காட்டினாலும் கைதட்டுவார். 1998ல் பிரான்ஸில் இந்த வகை வடிகட்டிகளை 400 பேரிடம் சோதித்து வெளியிட்டார்கள். முதல் சில நாட்களில் நுரையீரல் கட்டி குறைந்தது உண்மை. ஆனால் இரண்டு வருடத்தில் வடிகட்டி வைத்தவர்களில் 20.8 சதவீதம் பேருக்குக் காலில் மறுபடி உறைந்தது, வைக்காதவர்களில் 11.6. சாவு எண்ணிக்கையில் வித்தியாசமில்லை. இன்றைக்கு அதை முக்கியமாக, ரத்தம் உறையா மருந்தே கொடுக்க முடியாதவர்களுக்கு வைக்கிறார்கள்.

கட்டியைக் கரைக்கும் மருந்திலும் இதே பாடம். அது நிஜமாகவே கரைக்கும், வேகமாக. ரத்த அழுத்தம் சரிந்து சாகக் கிடப்பவருக்கு அதைக் கொடுப்பதில் பெரிய தகராறு இல்லை. அழுத்தம் சரியாக இருந்து, வலது இதயம் மட்டும் திணறுபவர்களுக்கு? 2014ல் ஐரோப்பாவில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் சோதித்த முடிவு வந்தது. இறப்போ சரிவோ 5.6 சதவீதத்தில் இருந்து 2.6 ஆகக் குறைந்தது. மூளைக்குள் ரத்தக்கசிவு 0.2ல் இருந்து 2.0 ஆக ஏறியது. ஒரு கையில் கொடுத்து இன்னொரு கையில் பிடுங்கிக்கொண்டது. இந்த ஒப்பீட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஹெபரின் உண்டு. பிரிஸ்டலுக்குப் பிறகு அதைப் பிடுங்க முடியாதே.

இப்போ என்னை உறுத்துற விஷயத்துக்கு வரேன். பிரிஸ்டலில் இருந்தவர்கள் பார்த்தாலே தெரியும் அளவுக்கு நோயுற்றவர்கள். 1990களின் கடைசியில் சிடி ஸ்கேன் பரவலானது. அது நுரையீரலின் நுனிக் கிளைகளில் இருக்கும் சின்னக் கட்டியைக்கூடக் காட்டும். அமெரிக்காவில் 1998ல் லட்சத்துக்கு 62 பேருக்கு இருந்த நுரையீரல் கட்டி, 2006ல் 112 ஆனது. நோய் அவ்வளவு பெருகிவிட்டதா? அப்படியானால் சாவும் பெருகியிருக்க வேண்டும். அது லட்சத்துக்கு 12.3ல் இருந்து 11.9 என்று ஏறக்குறைய அங்கேயே நின்றது. ஆகப் புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர், முன்பு யாருக்கும் தெரியாமலேயே வந்து போயிருக்கக்கூடிய சின்னக் கட்டிக்காரர்கள். அவர்களுக்கும் நாம் அதே மருந்தை மாதக்கணக்கில் கொடுக்கிறோம். அவர்களுக்கு 26 சதவீதம் பொருந்துமா? 1960ல் ஒரு வகை உள்ளீட்டுக்காக எழுதின கோடை, முற்றிலும் வேற உள்ளீட்டுக்கு ஓட்டுற மாதிரி இருக்கு. ரத்தம் கசியும் ஆபத்து மட்டும் எல்லோருக்கும் உண்டு.

அதனால்தான் இத்தனை வருடம் கழித்து, சிலரை மருந்தில்லாமல் விட்டுப் பார்க்கும் ஒரு ஆய்வு மறுபடியும் சாத்தியமானது. 2022ல் அதன் முடிவு வந்தது. நுனிக் கிளைகளில் மட்டும் கட்டி உள்ளவர்கள், இரண்டு காலையும் ஸ்கேன் செய்து அங்கே கட்டி இல்லை என்று உறுதியானவர்கள், புற்றுநோய் இல்லாதவர்கள். குலுக்கல் இல்லை, எல்லோரையும் மருந்தில்லாமல் கவனித்தார்கள். கணக்கில் 266 பேர். 90 நாளில் 8 பேருக்கு மறுபடி உறைந்தது, சுமார் 3 சதவீதம். மறுகட்டியால் யாரும் சாகவில்லை.

நாலில் ஒருவர் சாவார் என்ற எண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்க. அப்போ சின்னக் கட்டிக்கு மருந்தே வேண்டாம்னு முடிவு பண்ணிடலாமா? அந்த டாக்டர்கள் ஆரம்பத்திலேயே ஒரு வரம்பு போட்டு வைத்திருந்தார்கள். மறுகட்டி அதைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்று. 3 சதவீதம் அவர்கள் எதிர்பார்த்ததை விட அதிகம். வரம்பைத் தாண்டியதும், திட்டமிட்ட எண்ணிக்கை சேரும் முன்பே அந்த ஆய்வையும் நிறுத்திவிட்டார்கள்.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால், அவர்கள் டாக்டர் எதற்காக எத்தனை மாதம் என்று சொன்னார் என்பதைக் கேட்டு எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.